அம்மாவின் பக்கம் ஏன் இவ்வளவு கட்டை?

அன்புள்ள பிள்ளைகளுக்கும் உறவுகளுக்கும்,

போன மாதம் முழுக்க நான் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சுகயீனம் ஒன்றுமில்லை. ஒரு பதினொரு வயதுப் பிள்ளை எனக்கு வீட்டுவேலை தந்துவிட்டாள். முப்பத்து நான்கு வருடம் வீட்டுவேலை கொடுத்தவளுக்கு அது திரும்பி வந்திருக்கிறது. கொஞ்சம் நீளமான கதை. ஆறுதலாக வாசியுங்கள்.

என்னிடம் வரலாறு படித்த ஒரு மாணவி இப்போது அமெரிக்காவில், மசாசூசெட்ஸில் இருக்கிறாள். கணவர் அந்நாட்டவர். அவர்களுடைய மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். தகப்பன் பக்கத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இணையத்திலிருந்து ஒரு நீளத் தாளை எடுத்து அனுப்பிவிட்டார். பதின்மூன்று தலைமுறை. அது 1634இல் கப்பலில் வந்து இறங்கிய ஒரு பியூரிட்டன் போதகரில் போய் முடிகிறது. தாயின் பக்கத்தில் அம்மா, அம்மம்மா, அம்மப்பா. அவ்வளவுதான். அம்மம்மாவும் இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார்.

பிள்ளை வட்சப்பில் என்னைக் கூப்பிட்டாள். என்னை அவள் "ரீச்சர் அம்மம்மா" என்பாள். "அம்மாவின் பக்கம் ஏன் இவ்வளவு கட்டை? உங்களுக்கு அப்போது ஆட்கள் இருக்கவில்லையா?" என்று கேட்டாள்.

பகிடியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். தாய்க்காரி பின்னால் நின்று ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் சொன்னேன்: "முதலில் அப்பாவின் பக்கத்தைச் சரிபார்ப்போம். அவர்களுக்கு எப்படி இவ்வளவு தூரம் போக முடிந்தது என்று விளங்கினால், அம்மாவின் பக்கத்தை எங்கே தேடுவது என்றும் விளங்கும்."

அந்தப் போதகரின் பெயர் ஜோன் லோத்ரொப். இங்கிலாந்தில் யோர்க்ஷயரில் எட்டன் என்ற ஊரில் 1584 டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்றவர். கேம்பிரிட்ஜில் படித்து, கென்ட் பகுதியில் எகர்டன் என்ற ஊரில் குருவாக இருந்தார். பியூரிட்டன்கள் என்றால் இங்கிலாந்துத் திருச்சபையில் மிஞ்சியிருந்த சடங்குகளைக் களைந்து அதைத் தூய்மையாக்க வேண்டும் என்று நின்றவர்கள். லோத்ரொப் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்த வேண்டும், ஆயரும் அரசரும் தலையிடக்கூடாது என்ற பக்கம் சாய்ந்தார். 1623இல் பதவியை விட்டார். லண்டனில் ஒளித்துக் கூடிய ஒரு சபைக்குத் தலைவரானார். 1632 ஏப்ரலில் ஒரு வீட்டில் வழிபாடு நடந்துகொண்டிருந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டவர்களோடு பிடிபட்டார்.

ஏறக்குறைய இரண்டு வருடம் சிறை. அவர் உள்ளே இருக்கும்போதே மனைவி ஹன்னா நோயில் இறந்துபோனார். தாயில்லாப் பிள்ளைகள் ஆயரிடம் போய்த் தகப்பனை விடும்படி கெஞ்சினார்கள் என்று 1669இல் அச்சான ஒரு நியூ இங்கிலாந்து வரலாற்று நூல் சொல்கிறது. நாட்டை விட்டுப் போவது என்ற நிலையில் விடுதலையாகி, பிள்ளைகளோடு "கிரிபின்" என்ற கப்பலில் ஏறினார். 1634 செப்டெம்பர் 18இல் பொஸ்டனில் இறங்கினார். பிறகு சிச்சுவேட் என்ற ஊர். 1639இல் சபையாரோடு இடம்பெயர்ந்து கேப் கொட் பகுதியில் பார்ன்ஸ்டபிள். அங்கேயே 1653இல் காலமானார்.

இவ்வளவும் எப்படித் தெரியும்? நான் பிள்ளைக்கு விளங்கப்படுத்தியதை உங்களுக்கும் சொல்கிறேன். இது வரலாற்றுப் பாடம்தான். பரீட்சை இல்லை, பயப்பட வேண்டாம்.

முதலாவது, அந்த மனிதன் எழுதி வைத்தார். தன் சபையில் யார் சேர்ந்தார்கள், யாருக்கு ஞானஸ்நானம், யார் இறந்தார்கள் என்று ஒரு பதிவு. 1769இல் எஸ்றா ஸ்டைல்ஸ் என்ற போதகர் அதைப் பார்த்துக் கையால் பிரதி எடுத்தார். பிற்காலத்தில் யேல் கல்லூரித் தலைவரானவர் இவர்தான். அந்தப் பிரதி 1850களில் பொஸ்டன் மரபுவழி ஆய்வுச் சங்கத்தின் சஞ்சிகையில் அச்சானது. 1884இல் ஹன்டிங்டன் என்பவர் லோத்ரொப் குடும்பத்துக்கென்றே ஒரு பெரிய நூல் வெளியிட்டார். நமது காலத்தில் 1620 முதல் 1640 வரை நியூ இங்கிலாந்துக்கு வந்தவர்களை ஒருவர் ஒருவராக ஆவணம் பார்த்து எழுதும் பெரிய ஆய்வுத் திட்டமும் நடந்திருக்கிறது. ஒருவர் எழுத, ஒருவர் பிரதி எடுக்க, ஒருவர் அச்சிட, ஒருவர் பிழை திருத்த என்று சங்கிலி அறாமல் வந்ததால்தான் அந்தத் தாள் அவ்வளவு நீளம்.

இரண்டாவது, அந்தத் தாளில் பிழைகளும் இருந்தன. பிள்ளையே ஒன்றைக் கண்டுபிடித்தாள். "கப்பல் வந்தது 1634 செப்டெம்பர். ஆனால் சிச்சுவேட்டில் சபை தொடங்கியது 1634 ஜனவரி என்று இருக்கிறதே. கப்பலுக்கு முதலே அவர் நீந்தி வந்தாரா?"

எனக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. அக்காலத்தில் இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25இல்தான் பிறக்கும். 1752 வரை அந்தக் கணக்கு. ஆகவே அவர்களுடைய 1634 ஜனவரி, செப்டெம்பருக்குப் பின்னால் வரும் ஜனவரி. நமக்கு அது 1635. இது தெரியாமல் இணையத்தில் எத்தனையோ பேர் பிள்ளையைத் தாய்க்கு முன்னால் பிறக்க வைத்திருக்கிறார்கள். நமது பழைய ஏடுகளிலும் "விபவ வருடம் ஆவணி" என்று மட்டும் இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே விபவ வரும். எந்தச் சுற்று என்று வேறு ஆதாரம் கொண்டுதான் பிடிக்க வேண்டும். அதைச் சொன்னதும் அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

இன்னொரு பிழை பெரியது. ஹன்னா இறந்த பிறகு லோத்ரொப் மறுமணம் செய்தார். அந்தப் பெண்ணின் பெயர் ஆனா. பிள்ளைகளும் பெற்றார். இணையத்தாளில் அவருக்கு ஒரு பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் போட்டிருந்தது. ஆவணத்தில் அப்படி ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் வெற்றிடத்தைப் பார்க்கச் சகிக்காமல் நிரப்பியிருக்கிறார். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பரீட்சை மண்டபத்தில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினால் பிழையும் சேர்ந்து வரும் என்று நான் உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பிள்ளை பென்சிலால் அந்தப் பெயரை வெட்டினாள். "அப்போது இவவுக்கு அம்மா அப்பா இல்லையா?" என்றாள். "இருந்தார்கள். எழுதப்படவில்லை" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை அவர்கள் காரில் பார்ன்ஸ்டபிளுக்குப் போய் எனக்கு வீடியோவில் காட்டினார்கள். லோத்ரொப்புக்காக 1644இல் கட்டிய வீடு இன்றைக்கும் இருக்கிறது. ஸ்டர்ஜிஸ் நூலகம் என்ற பொது நூலகத்தின் ஒரு பகுதி அது. அவருடைய வேதாகமமும் அங்கே இருக்கிறது. கப்பலில் வாசித்துக்கொண்டே கண்ணயர்ந்தபோது மெழுகுதிரி விழுந்து பல பக்கங்களில் துளை விழுந்ததாம். துண்டுக் காகிதம் ஒட்டி, விடுபட்ட சொற்களை அவரே கையால் எழுதி நிரப்பினார் என்று குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். உயிலில் அவர் சொன்ன ஒரு விஷயம் ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பிடிக்கும். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளட்டும், மிச்சத்தை அதை உபயோகிக்கத் தெரிந்த ஒரு நேர்மையான மனிதனுக்கு விற்றுப் பணத்தைப் பங்கிடட்டும் என்றாராம்.

இனித்தான் நான் கதிரையிலிருந்து எழும்பிய இடம்.

லோத்ரொப்பின் மகன்களில் ஒருவர் சாமுவேல், தச்சுவேலை தெரிந்தவர். 1644இல் தகப்பனின் வீட்டிலேயே எலிசபெத் ஸ்கடர் என்ற பெண்ணை மணந்தார். தகப்பன் போதகராக இருந்தும் கல்யாணத்தை நடத்தி வைத்தது அரச அதிகாரிதான். அந்தக் குடியேற்றத்தில் கல்யாணம் ஒரு குடியியல் ஒப்பந்தம். சாமுவேல் பிற்பாடு கொனெக்டிகட்டில் நோர்விச் என்ற ஊரில் குடியேறினார். அங்கே பெயர் கொஞ்சம் மாறி லாத்ரொப் ஆயிற்று. அந்த நோர்விச் லாத்ரொப் குடும்பத்தில் 1796இல் ஹரியட் என்ற பெண் பிறந்தாள். 1819இல் மைரன் வின்ஸ்லோ என்ற மிஷனரியை மணந்து கப்பலேறி, 1820இல் நமது உடுவிலுக்கு வந்தாள்.

ஆம் பிள்ளைகளே, உடுவில் மகளிர் பள்ளியை 1824இல் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோதான். அவளுடைய தங்கைமாரும் பிறகு மிஷனரிமாரின் மனைவியராக யாழ்ப்பாணம் வந்தார்கள். 1833இல், முப்பத்தாறு வயதில், உடுவிலிலேயே இறந்துபோனாள். கணவர் வின்ஸ்லோதான் பின்னர் சென்னையில் 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு 1862இல் தமிழ் - ஆங்கில அகராதியை வெளியிட்டவர். எங்கள் பள்ளி நூலகத்தில் மட்டை கழன்ற ஒரு பிரதி இருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஹரியட்டின் மகள், சென்னையில் பணியாற்றிய டலஸ் என்ற மிஷனரியை மணந்தாள். அவர்களுடைய பேரன் ஜோன் பொஸ்டர் டலஸ் 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளியுறவுச் செயலாளர். வாஷிங்டனில் டலஸ் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் அடுத்த முறை நினைத்துக்கொள்ளுங்கள்: அந்தப் பெயருக்குரியவரின் பூட்டி உடுவிலில் கண்மூடியவள்.

பிள்ளையின் அம்மம்மா உடுவிலில் படித்தவர். ஆக, அப்பாவின் பக்கத்து மூதாதையின் வழிவந்த ஒருத்தி தொடங்கிய பள்ளியில், அம்மாவின் பக்கத்து அம்மம்மா படித்திருக்கிறார். மாணவி தொலைபேசியில் அழுதுவிட்டாள். "ரீச்சர், இது விதிதானே?" என்றாள்.

நானும் கொஞ்சம் உருகித்தான் போனேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குப் பெற்றோர் 2, பாட்டன் பாட்டி 4, அப்படியே இரட்டித்துப் போனால் பதின்மூன்றாம் தலைமுறையில் 8,192 இடங்கள். லோத்ரொப் அதில் ஒரே ஒரு இடம். அவருக்குப் பிள்ளைகள் நிறைய, அவர்களுக்கும் நிறைய. கிராண்ட், பிராங்கிளின் ரூஸ்வெல்ட், இரண்டு புஷ்கள் என்று ஜனாதிபதிகளும் அவருடைய வழியில் வருகிறார்கள். மோர்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தும் அந்த வழிதான். சுதந்திரப் போரில் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்று பெயரெடுத்த பெனடிக்ட் ஆர்னல்டும் அதே நோர்விச்சில் பிறந்தவன், தாய் வழியில் லாத்ரொப். துரோகியும் பள்ளிக்கூடம் கட்டியவளும் ஒரே மரத்தில். மரத்தைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள் எந்தக் கிளையைக் காட்டுவார்கள்?

பெயரை வைத்தும் உறவு முடிவு கட்டக்கூடாது. எலிசபெத் ஸ்கடர் என்றதும் வேலூர் மருத்துவமனை ஸ்கடர் குடும்பம் என்று துள்ளாதீர்கள். ஆதாரம் பார்த்த பிறகுதான் பேச்சு. மிஷன் காலத்தில் நமது பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு கொடுத்த அமெரிக்கர்களின் பெயரையே வைத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான நமது விசுவநாதபிள்ளைக்கு முன்னால் கரோல் என்ற பெயர் வந்தது இந்த வழக்கத்தால்தான். நூறு வருடம் கழித்து யாராவது அதைப் பார்த்து அவரை அமெரிக்க மரத்தில் ஒட்டிவிட்டால்?

இன்னொன்றும் பிள்ளைக்குச் சொன்னேன். தாள் 1634இல் தொடங்குகிறது என்பதற்காக அந்த மண் அன்றுதான் பிறந்தது என்று நினைக்கக்கூடாது. பார்ன்ஸ்டபிள் வம்பனோக் மக்களின் நிலம். கப்பல்கள் வரும் முன்னரே 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அந்தக் கரையோரத்தில் ஊர் ஊராக மாண்டார்கள். மிஞ்சியவர்களிடமிருந்து நிலம் கைமாறியது. அவர்களுடைய மொழியும் பேச ஆளில்லாமல் போயிற்று. ஆனால் 1993இல் அவர்களுடைய வழிவந்த ஒரு பெண் அதை மீட்கத் தொடங்கினார். எதைக் கொண்டு? 1663இல் அவர்களுடைய மொழியில் அச்சான வேதாகமத்தையும், அவர்களே தம் மொழியில் எழுதிய கடிதங்கள், உயில்கள், காணி உறுதிகளையும் கொண்டு. இப்போது அங்கே பிள்ளைகள் அந்த மொழியைப் படிக்கிறார்கள்.

காணி உறுதி என்று என் வாயாலேயே சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறினோமே, நினைவிருக்கிறதா? அப்போது என்ன எடுத்தோம்? என் கல்யாணப் படங்களைக்கூட எடுக்கவில்லை. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதிகள். மழையில் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தோம். எல்லா வீட்டிலும் அதுதான் கதை.

மாணவியின் பெரியம்மா இணுவிலில் இருக்கிறார். வயது எண்பது தாண்டிவிட்டது. ஓட்டோ பிடித்துப் போனேன். "அக்கா, உறுதிப் பெட்டியைக் கொஞ்சம் திறக்கலாமோ?" என்றேன். காணிப் பிரச்சினையோ என்று முதலில் பயந்துவிட்டார். விளங்கப்படுத்திய பிறகு தேத்தண்ணி தந்து, தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

நமது சீதன உறுதியை ஆறுதலாக வாசித்திருக்கிறீர்களா? பரப்பு, குழி, எல்லை என்று பார்த்துவிட்டு மூடிவிடுவோம். அதற்கு மேலே தகப்பன் பெயர், தாய் பெயர், மகள் பெயர், மாப்பிள்ளை பெயர் எல்லாம் இருக்கும். "இந்தக் காணி எனக்கு என் தாயார் இன்னார் இன்ன உறுதிப்படி சீதனமாகத் தந்தது" என்று முந்திய உறுதியின் இலக்கமும் திகதியும் இருக்கும். 1974ஆம் ஆண்டு அம்மம்மாவின் உறுதி 1941ஐக் காட்டியது. 1941 உறுதி 1916ஐக் காட்டியது. 1916இன் தாள் மடிப்பில் கிழிந்து, பொருத்தித்தான் வாசித்தோம். அது 1890இல் எழுதிய ஓர் உறுதியைக் காட்டி, அதைத் தந்த தாயின் பெயரையும் சொன்னது. அம்மம்மாவுக்கு மேலே நான்கு பெண்கள், தாய் மகள், தாய் மகள் என்று அறாத வரிசை. ஒவ்வொன்றுக்கும் திகதி, நொத்தாரிசின் கையொப்பம், சாட்சி. கடைசிப் பெயர் அருமையான தமிழ்ப் பெயர். அது அந்த வீட்டுக்குரியது, இங்கே எழுதவில்லை. பெரியம்மா அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "இது எங்கட பூட்டியின் தாய். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது" என்றார்.

சீதனத்தை எதிர்த்து நான் மேடையிலும் வகுப்பிலும் பேசியவள். இன்றும் அதே கருத்துத்தான். எத்தனை பெண்களின் வாழ்க்கையை அது கசக்கியது என்று கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனாலும் அந்தத் தாள்தான் இந்தப் பெண்களின் பெயரைக் காப்பாற்றியது என்பதையும் மறைக்க முடியாது. தேசவழமையில் பெண்ணுக்குச் சொந்தச் சொத்து இருந்தது. சொத்து இருந்ததால் பெயர் எழுதப்பட்டது.

அன்றிரவு பிள்ளைக்குச் சொன்னேன்: "உன் அப்பாவின் பக்கத்துப் பெரிய போதகர் இருக்கிறாரே, அவருடைய இரண்டாம் மனைவி ஆனாவுக்குத் தாய் யார் என்று ஏட்டில் இல்லை. உன் அம்மாவின் பக்கத்தில் 1890இல் காணி வாங்கிய பெண்ணுக்குத் தாய் யார் என்று ஏட்டில் இருக்கிறது." அவள் தாளைத் திருப்பி வைத்து, அம்மாவின் பக்கத்தில் நான்கு பெட்டிகள் கீறினாள். அதற்கு மேலே ஒரு பெட்டியைக் கீறி வெறுமையாக விட்டாள். "இவவும் இருந்தவ. எழுதப்படவில்லை" என்று சொன்னாள். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

இப்போது உங்களுக்கு வீட்டுவேலை. தப்ப முடியாது.

ஒன்று: வீட்டில் உள்ள பழைய உறுதிகளை எடுத்து, மடிப்பை மெதுவாக விரித்துப் படம் பிடியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் இருக்கும் சொந்தத்தைக் கேளுங்கள். காணிக்கு அல்ல, பெயருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சண்டை வரும்.

இரண்டு: வீட்டில் வயதில் மூத்தவரிடம் அவருடைய அம்மம்மாவின் பெயரைக் கேளுங்கள். அப்பப்பாவின் பெயரைக் கேட்காமலே சொல்வார்கள். சொன்னவர் யார், என்று சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

மூன்று: தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். நிரப்ப வேண்டாம். அந்த வெற்றிடமும் உண்மைதான்.

என் மூத்த அண்ணர் போன தையில் மோசம் போனார். எங்கள் அம்மம்மாவின் தாயின் பெயர் அவருக்கு மட்டும்தான் தெரியும். பிறகு கேட்கலாம், பிறகு கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். எங்கள் வீட்டு உறுதிகள் 1995இல் வழியில் தவறிப்போனவை. என் தாளில் அந்தப் பெட்டி வெறுமையாகத்தான் இருக்கும்.

ஆகவே இன்றைக்கே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்